முன்பக்கச் சத்தம் மட்டும்

அவரை நான் இப்போதும் 'அவர்' என்றுதான் சொல்கிறேன். ஒன்பது வருடப் பழக்கம், வாயில் வந்துவிடுகிறது. மரியாதை என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவர் வந்து அழைப்பு மணியை அடித்தபோது, இன்னொரு தரம் அடிக்கட்டும் என்று வேண்டுமென்றே சமையலறையில் நின்றேன். அடித்தார். இன்னும் ஒரு தரம் அடிக்கட்டும் என்று நின்றேன். அதற்குள் வாலு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

வாலு எங்கள் மகள், ஏழு வயது. அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அவர் ஏழு மாதமாகத் தன் அக்கா வீட்டில் இருக்கிறார். விவாகரத்து எப்படியும் கிடைத்துவிடும், அதில் எங்களுக்குள் அதிசயமான ஒற்றுமை. வாலு யாரிடம் இருக்கப் போகிறாள் என்பதில்தான் அடிதடி. வாரத்தில் ஐந்து நாள் ஒருவரிடம், மிச்சம் இன்னொருவரிடம். அந்த ஐந்து நாள் யாருக்கு என்பதைக் குடும்ப ஆலோசகர் எழுதித் தரும் அறிக்கையை வைத்து முடிவு செய்வேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

ஆலோசகர் ஓர் அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். போன தடவை போனபோது வாலுவின் அப்பா என்னைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் அவரைப் பற்றி ஆறு பக்கம். ஆலோசகர் அம்மா இரண்டையும் வாங்கிப் படிக்காமலே இழுப்பறையில் போட்டு மூடினார்.

"காகிதம் போதும். வீட்ல எடுத்த வீடியோ இருக்கும்ல? குழந்தை உங்ககூட எப்படி இருக்கு, அவர்கூட எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கங்க. ரெண்டும் ஒரே டிஸ்க்ல வரணும். திங்கக்கிழமை பத்து மணிக்கு சேர்ந்து கொண்டு வாங்க."

பென் டிரைவில் தருகிறேனே என்றேன். அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் வெளி ஆள் பென் டிரைவைச் சொருகக் கூடாதாம், வைரஸ் வந்துவிடுமாம். மூலையில் துணி போர்த்திய டிவி ஒன்றைக் காட்டினார். அதன் அடியில் டிவிடி பிளேயர். அதில் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வீடியோக்கள் எல்லாம் ஹெச்.டி. வாலு பிறந்த வாரம் அவர் அந்தக் கேமராவை வாங்கினார். அதன் தலையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், நாலு திசைச் சத்தத்தையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் என்று வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்து விளக்குவார். "முன்னாடி பேசறது முன்னாடி சேனல்ல, பின்னாடி பேசறது பின்னாடி சேனல்ல. எனக்குப் பின்னால ஈ பறந்தாலும் பதிவாகும்" என்பார். ஈ பதிவானதோ என்னவோ, அந்தக் கேமராவை அவர் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. குழந்தைக்குச் சாப்பாடு ஊட்ட ஒரு கை வேண்டும் என்றால், என் கைதான் வேண்டும்.

அதை டிவிடியாக மாற்றுகிற மென்பொருள் எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் என் வீட்டில். எட்டு வயதுக் கிழம். பெரிய படத்தைச் சின்னப் படமாக நசுக்குவதற்கு அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும், நான் அவருடைய பங்கை வெட்டிவிடுவேன் என்று அவருடைய அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் இந்தக் காவல். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாயங்காலம் நாலு மணிவரை இருக்கலாம் என்று வக்கீல்கள் பேசி முடித்திருந்தார்கள். நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

மாற்று என்ற பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று வந்தது. மீதி நேரம்: பதினோரு மணி இருபது நிமிடம்.

"இத நேத்தே ஆரம்பிச்சிருக்கலாம்" என்று அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"நேத்து ஒருத்தர் அவரோட ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்துக் குடுத்திருந்தா ஆரம்பிச்சிருக்கலாம்" என்று நான் ஜன்னல் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

எங்கள் பேச்சு இப்போதெல்லாம் இப்படித்தான். நேராகப் பேசினால் சண்டை வரும் என்பதால் ஜாடையாகப் பேசிச் சண்டை போடுகிறோம். கம்ப்யூட்டர், திரை, காலணி அலமாரி எல்லாம் எங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கின்றன. ஜாடை போதாத இடத்துக்கு வாலு. "அப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்றால் போய்க் கேட்பாள். கேட்கிறபோது என் குரலில், என்னைப் போலவே உதட்டைச் சுழித்துக் கேட்பாள். திரும்பி வரும்போது அவருடைய குரலைக் கொண்டுவருவாள். "அம்மாகிட்ட... வேண்டாம்னு... மெதுவா சொல்லு" என்று ஒவ்வொரு வார்த்தையையும் பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டுவாள். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பித் தருகிற வாய் அது.

அவருக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிற வேலை. பதினைந்து வருடமாக இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, பயந்து நடுங்குகிற ஜனங்களிடம், "ஒண்ணும் ஆகாது, கிளட்ச்ச மெதுவா விடுங்க, ரோடு எங்கயும் போகாது" என்று சொல்லிச் சொல்லி அந்தக் குரலே அவருக்கு நிலைத்துவிட்டது. என்னிடம் சண்டை போடும்போதும் அதே குரல். நான் கத்திக் கொண்டிருப்பேன், அவர் கிளட்ச்சை மெதுவாக விடச் சொல்வார். அதைப் போல எரிச்சல் மூட்டுகிற விஷயம் உலகத்தில் வேறு இல்லை. பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில், எங்கே உட்கார்ந்திருந்தாலும், பதற்றமானால் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். அன்றைக்கும் பச்சைக் கோட்டைப் பார்த்தபடி தரையை மிதித்துக்கொண்டே இருந்தார். அதுதான் ஓடாமல் நின்று போயிற்றோ என்னவோ, ஒரு மணி நேரத்துக்கு ஒன்பது சதவீதம்கூட நகரவில்லை.

பத்து மணிக்கு நாத்தனாரின் போன் வந்தது. அவள் ரகசியம் பேசினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். "கண்ண எடுக்காத. அவ எதையாவது வெட்டிடுவா."

"அவ எதையும் வெட்டல அக்கா."

"அது சரி, உன் மூஞ்சிதான் எதுலயும் இல்லையே. அதுக்கு என்ன பண்ணப் போற?"

"நான்தானே எடுத்தேன், எப்படி இருக்கும்? என் குரல் முழுக்க இருக்கு. பாப்பா என்கூடத்தான் பேசறா, சிரிக்கறா. அது போதும்" என்றார்.

போதும்தான், எனக்கும் அது தெரியும். அவர் தேர்ந்தெடுத்த ஒரு மணி நேரத்தில் வாலு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், அட்டைப்பெட்டியில் வீடு கட்டுகிறாள், பல் விழுந்ததற்குச் சமாதானம் ஆகிறாள். என்னுடைய ஒரு மணி நேரத்தில் நான் நகம் வெட்டுகிறேன், காய்ச்சலுக்கு மருந்து ஊட்டுகிறேன், வீட்டுப்பாடத்தில் தப்பைக் காட்டுகிறேன். நியாயத்தைச் சொன்னால் பிள்ளை வளர்ப்பது என்னுடைய ஒரு மணி நேரம்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

ஒன்றரை மணி. பச்சைக் கோடு நாற்பத்து மூன்றில் இருந்தது. எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, காலை ஐந்தரைக்கு ஷிஃப்ட். வாரத்துக்கான வெள்ளைக் கோட்டுகளைச் சனிக்கிழமைதான் தேய்ப்பேன். அயர்ன் பாக்ஸைச் சொருகினேன். டப்பென்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது, விளக்கு நின்றது, கம்ப்யூட்டர் இருட்டாயிற்று.

"சில பேருக்கு ஃபியூஸ் போகும்னு தெரியும்" என்றார் அவர், கருப்புத் திரையிடம்.

"தெரியாது."

"ஒன்பது வருஷமா தெரியாதா? ஹீட்டரும் அயர்னும் சேர்ந்தாலே போகும். நாந்தான் எத்தன தடவ மாத்தியிருக்கேன்."

"ஹீட்டர நான் போடல. கம்ப்யூட்டரோட சேர்ந்தாலும் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?" அந்தக் கோபத்தில் நேராகவே பேசிவிட்டோம். சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அவர் முகம் அப்படிப் போனதைப் பார்க்க ஒரு நிமிடம் திருப்தியாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. நாற்பத்து மூன்றும் போயிற்று. அந்த மென்பொருளுக்குப் பாதியில் விட்டதைத் தொடரத் தெரியாது. மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். நாலு மணிக்கு மேல் தான் இல்லாமல் ஓடவிட அவருக்கு நம்பிக்கை இல்லை, அதனால் ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டு எழுந்தார். மறுநாள் ஏழு மணிக்கே வருகிறேன் என்று காலணி அலமாரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடச் சூடாகவில்லை. மறுபடி ஃபியூஸ் போய்விடக் கூடாதென்று ஃபிரிட்ஜ் வயரைக்கூட அவர் பிடுங்கிவிட்டார். பால் கெட்டுப் போகும் என்றேன், போகட்டும் என்றார். ஏழே கால், மறுபடி அதே திரை: பதினோரு மணி இருபது நிமிடம். அப்படியென்றால் ஆறரைக்கு மேல் ஆகும். நாலு மணிக்கு அவர் கிளம்ப வேண்டும். கிளம்ப மாட்டார், நானும் இருக்க விட மாட்டேன், அங்கே ஒரு சண்டை காத்திருந்தது.

அவர் திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து பார்த்தார். ஒரு மூலையில் 'வேக முறை' என்று ஒன்று இருந்தது.

"அதத் தொடாதீங்க" என்றேன். "என்னென்ன மாறும்னு தெரியாது."

"கொஞ்சம் மங்கலா இருக்கும். அந்த டப்பா டிவியில எல்லாமே மங்கலாத்தான் தெரியப்போகுது."

"சொல்றேன்ல, வேண்டாம்."

"நீ வேண்டாம்னு சொன்னாலே அது எனக்கு நல்லதுன்னு அர்த்தம்" என்று சொல்லி என் கையிலிருந்து மவுஸை வாங்கி, சரியாகச் சொன்னால் பிடுங்கி, அழுத்திவிட்டார். மீதி நேரம் ஏழு மணி பத்து நிமிடமாக இறங்கியது. அவர் கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. கீழே பொடி எழுத்தில் நாலைந்து வரிகள் வந்து போயின. பொடி எழுத்தைப் படிப்பது என் தொழில். 'படத் தரம்: நடுத்தரம். ஒலி: முன்பக்க சேனல்கள் மட்டும்.' படித்தேன். ஒலி இருக்கிறது என்று மட்டும்தான் என் புத்தியில் ஏறியது.

ஏழு மணி நேரம். நான் ஒரு நாற்காலி, அவர் ஒரு நாற்காலி, நடுவில் கம்ப்யூட்டர் ஃபேன் போட்ட இரைச்சல். வாலு எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் படுத்துக்கொண்டு, சதவீதம் ஒவ்வொன்று ஏறும்போதும் சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். மற்ற நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அன்றைக்கு அவர் முன்னால் கை ஓங்கினால் அது நாளைக்கு ஆலோசகர் அம்மாவின் காதுக்குப் போகும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா போடுமா" என்றேன். அவர் சிரிப்பை அடக்குவதைப் பார்த்தேன்.

இரண்டரைக்கு மாற்றம் முடிந்தது. டிஸ்க்கில் எழுதி முடிக்க மூன்றே முக்கால். டிஸ்க் சூடாக வெளியே வந்தது. அவர் அதை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம்."

"ரெண்டு மணி நேரம் ஓடும். உங்க டைம் பதினஞ்சு நிமிஷத்துல முடியுது."

"சரியா வந்திருக்கான்னு பாக்க வேண்டாமா?"

"நான் பாக்குறேன். ஏதாவது தப்பா இருந்தா போன் பண்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏழு மாதத்தில் முதல் முறையாக ஜாடை இல்லாமல், சண்டை இல்லாமல், கிளட்ச் குரல் இல்லாமல், சாதாரணமாகப் பேசினார். "உன் மேல எனக்கு ஆயிரம் கோபம் இருக்கு. ஆனா செக் பண்ணாம எதையும் நீ வெளிய விட்டதில்ல. அதனால போறேன்" என்றார். டிஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

வாலு கீழ் வீட்டுத் தோழியோடு விளையாடப் போனாள். ஐந்து மணிக்கு நான் டிஸ்க்கை பிளேயரில் போட்டேன். முதலில் என்னுடைய ஒரு மணி நேரம். நகம் வெட்டுகிறேன், வாலு சிணுங்குகிறாள், என் குரல் கேட்கிறது, அவள் குரல் கேட்கிறது. படம் கொஞ்சம் மங்கல், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்தது அவருடையது. சைக்கிள். வாலு ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து, "விழுந்துட்டா?" என்று கேட்கிறாள். பிறகு தலையாட்டுகிறாள். "அப்புறம்?" என்கிறாள். சிரிக்கிறாள்.

யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

சத்தம் குறைவாக இருக்கிறது என்று நினைத்துக் கூட்டினேன். தெருவில் போகிற வண்டிச் சத்தம் பெரிதாயிற்று, வாலுவின் மூச்சு பெரிதாயிற்று. அவர் குரல் மட்டும் கொசு முனகுகிற அளவுக்குக்கூட இல்லை. ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அட்டைப்பெட்டி வீடு, பல் விழுந்த காட்சி, எல்லாவற்றிலும் ஒரு குழந்தை சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அந்தப் பொடி எழுத்து ஞாபகத்துக்கு வந்தது. முன்பக்கம் பேசியது முன் சேனலில், பின்பக்கம் பேசியது பின் சேனலில். கேமராவுக்குப் பின்னால் நின்றே ஏழு வருடம் பேசிய மனுஷன், வேக முறையை அழுத்திய ஒரே அழுத்தில், தன்னைத் தானே துடைத்துவிட்டார்.

போனைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். மறுபடி மாற்ற நேரம் இல்லை என்று எனக்கு நானே சொன்னேன். அழுத்தியது அவர்தானே, நான் வேண்டாம் என்றேனே, என்று அடுத்ததாகச் சொன்னேன். இதெல்லாம் சப்பைக்கட்டு என்று சொல்லும்போதே தெரிந்தது. நாளைக்கு ஆலோசகர் அம்மா பார்க்கப் போவது, அம்மா இருக்கிற ஒரு மணி நேரமும் யாருமே இல்லாத ஒரு மணி நேரமும். ஐந்து நாளும் எனக்குத்தான். சந்தோஷமாக இருந்தது. போனை வைத்துவிட்டு டிஸ்க்கை முழுதாக, கடைசி நிமிடம் வரை, பார்த்து முடித்தேன்.

திங்கட்கிழமை பத்து மணி. ஆலோசகர் அறையில் நாலு நாற்காலி, சக்கரம் போன பொம்மைக் கார்கள் நிறைந்த ஒரு பெட்டி. வழக்கமாகக் குழந்தையை வெளியே உட்காரவைப்பார்கள். அன்றைக்கு ஆலோசகர் அம்மா வாலுவையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். "படத்த நீங்க பாருங்க. அவ முகத்த நான் பாக்கணும்" என்றார்.

என் பங்கு ஓடியது. ஆலோசகர் அம்மா அவ்வப்போது நிறுத்தி ஏதோ எழுதினார். பிறகு சைக்கிள் வந்தது. "விழுந்துட்டா?" என்றாள் திரையில் வாலு.

அவர் முன்னால் சாய்ந்தார். ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினார். ஆலோசகர் அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்க எடுத்தேன். நான் பேசிட்டே இருப்பேன்."

"பேச்சே காணோமே."

அவர் கால் தரையை மிதித்தது. ஒரு தரம், இரண்டு தரம். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் டிவியையே பார்த்தேன். ஏதாவது கத்துவார், நாத்தனார் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் ரிமோட்டை ஆலோசகர் அம்மாவிடம் நீட்டினார்.

ஆலோசகர் அம்மா ரிமோட்டை வாங்கித் தள்ளித் தள்ளி ஓட்டினார். அட்டைப்பெட்டி வீடு வந்ததும் தள்ளுவதை நிறுத்தினார். வாலு பெட்டிக்குள் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். கதவு திறக்கிறது. நான் வருகிறேன், தலை கலைந்து, கண் சிவந்து. "எத்தன தடவ சொல்றது, வீட்டுக்குள்ள பந்து வேண்டாம்னு" என்று கத்துகிறேன். கதவு சாத்துகிற சத்தம். வாலு கேமராவைப் பார்க்கிறாள். ஓர் அரை நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் பந்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோளைக் குறுக்கி, பெட்டிக்குள் ஒடுங்குகிறாள்.

முந்தின நாள் இதைப் பார்த்தபோது, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த அறையில், ஆலோசகர் அம்மாவின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது, வேறு மாதிரி தெரிந்தது. அந்த அம்மா விறுவிறுவென்று எழுதினார். தலைகீழாக இருந்த எழுத்தையும் நான் படித்தேன், அதுதான் என் தொழிலாயிற்றே. 'தாயிடம் குழந்தைக்குப் பயம்' என்று இருந்தது.

"கண்ணு, அம்மா கத்தினா உனக்குப் பயமா இருக்குமா?" என்று கேட்டார்.

"இது பயம் இல்ல ஆன்ட்டி" என்றாள் வாலு, புரியாதவர்களுக்குச் சொல்கிற பொறுமையோடு. "இங்க அப்பா சொல்றது கேக்கல. டிவி கெட்டுப்போச்சு. பின்னாடி தள்ளுங்க, நான் சொல்றேன்."

ஆலோசகர் அம்மா பின்னால் தள்ளினார். கதவு சாத்துகிற சத்தம் வந்தது. வாலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத கேமரா ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவருடைய குரலில், ஒவ்வொரு வார்த்தையாக மெதுவாக விட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. அம்மா நாலு மணிக்கே எழுந்துட்டா. எவ்வளவு பேரோட ரத்தம் அவ கையில இருக்கு, தப்பு வந்தா அவங்க உயிருக்கு ஆபத்து. அதான் அம்மாவுக்குத் தலை வலிக்குது. நாம ஊமை விளையாட்டு விளையாடலாம். யார் முதல்ல சிரிக்கறாங்களோ அவங்க அவுட்டு."

அவள் சொல்லி முடித்த இடத்தில் திரையில் இருந்த வாலு சரியாக வாயைப் பொத்தினாள். நன்றாக உற்றுப் பார்த்தால் தெரிந்தது, தோள் குலுங்கியது சிரிப்பை அடக்கியதால். அந்த நொடிகளில் நான் கதவுக்கு அந்தப் பக்கம், போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு, இந்த மனுஷன் எதற்கும் வாயைத் திறந்து பிள்ளையை ஒரு வார்த்தை கண்டிக்க மாட்டார் என்று திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆலோசகர் அம்மா எழுதியதை அடித்தார். பேனாவை மூடி வைத்தார். "இந்தச் சத்தம் எப்படிப் போச்சு?" என்றார் பொதுவாக.

"என் தப்புங்க" என்றார் அவர். "சீக்கிரம் முடியட்டும்னு வேக முறைய நான்தான் அழுத்தினேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா." என்னைப் பார்க்காமலே, கூடவே இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். "போட்டுப் பாக்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது. காலையில ஷிஃப்ட்டு வேற."

இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் அதைச் சொன்னபோது, கன்னத்தில் அறைந்திருந்தாலும் தேவலை என்று இருந்தது. தலையாட்டிவிட்டால் போதும், அவரே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். எப்படியும் மாட்டிக்கொள்ள மாட்டேன்.

"நான் பாத்தேன்" என்றேன்.

ஆலோசகர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எப்ப?"

"நேத்து அஞ்சு மணிக்கு. முழுசா பாத்தேன். அவர் குரல் இல்லைன்னு தெரியும். தப்பா இருந்தா போன் பண்றேன்னு சொல்லியிருந்தேன். பண்ணல."

"இத நான் எழுத வேண்டியிருக்கும்மா."

"எழுதுங்க."

அவருடைய கால் தரையில் அப்படியே நின்றிருந்தது. பேனாவின் மூடி மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது. யாரும் நிறுத்தாததால் டிவியில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த காட்சி வந்துவிட்டது. பல் விழுந்த வாயோடு வாலு கேமராவுக்குக் கிட்டே வந்து, "நான் பொய் சொல்லலதானே அப்பா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

நாற்காலியில் இருந்த வாலு இந்த முறை அப்பாவின் குரலில் பதில் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.